காய்ச்சலே இல்லை, இதுவும் கொரோனாவா? வாசகர் கேள்வி பதில்

கொரோனாவுக்கான உலகளாவிய நெருக்கடி நிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் விலக்கிக்கொண்டது. வைரஸ் விலகவில்லை. சளியும் காய்ச்சலும் பரவும் மாதங்களில் அதுவும் கூடவே சுற்றுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, 'லேசானதுதான்' என்று வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் நோயாளிகளைப் பற்றியவை. எங்கள் மருத்துவர் குழுவின் பதில்கள் இதோ.

வீட்டில் நாலு பேருக்கும் ஒரே வாரத்தில் கொரோனா. மாமனாருக்கு வறட்டு இருமல், எனக்குத் தொண்டையில் முள் குத்துகிற மாதிரி வலி, கணவருக்கு வயிற்றுப்போக்கு, மகளுக்கு ஒரு நாள் காய்ச்சலோடு சரி. ஒரே வைரஸ் ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி காட்டுகிறது? இதில் எது லேசானது, எது மிதமானது?
- வாசகி, கும்பகோணம்

முதல் நாலைந்து நாள் வரும் தொல்லைகள், வைரஸ் எந்த இடத்தில் பெருகுகிறதோ அந்த இடத்தைப் பொறுத்தவை. ஒமைக்ரான் வகைகள் வந்த பிறகு மூக்கு, தொண்டைப் பாதிப்பே முன்னால் நிற்கிறது: தொண்டை வலி, மூக்கொழுகல், தும்மல், தலைவலி, அடித்துப் போட்டாற்போல் அசதி. முன்பு அடையாளமாகவே சொல்லப்பட்ட வாசனை இழப்பு இப்போது குறைந்துவிட்டது. குடலின் உட்சுவரிலும் இந்த வைரஸ் பற்றிக்கொள்ள முடியும் என்பதால், உங்கள் கணவரைப் போல் வயிற்றுப்போக்கோ குமட்டலோ மட்டும் வருகிறவர்களும் உண்டு. தடுப்பூசி போட்டவர்களுக்கும் ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவர்களுக்கும் உடம்பு சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

லேசானதா, மிதமானதா என்று பிரிப்பது காய்ச்சலின் உயரத்தை வைத்து அல்ல, மூச்சை வைத்து. 103 டிகிரி அடித்தாலும், மூச்சு சீராக இருந்து, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் குறையாமல் இருந்தால் அது லேசான தொற்றுதான். காய்ச்சல் 99-தான், ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 24 தடவைக்குமேல் மூச்சு விடுகிறார், அல்லது ஆக்சிஜன் 90-க்கும் 93-க்கும் இடையில் இருக்கிறது என்றால் அது மிதமானது. அவரை மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூச்சு 30-ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலோ அது கடுமையான நிலை. 108-ஐக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது.

இதோடு நாள் கணக்கும் முக்கியம். பரிசோதனை செய்த நாளை முதல் நாள் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. தொண்டை கரகரத்த அன்றுதான் முதல் நாள். நிலைமை மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் அது நடக்கிறது. அந்தக் கட்டத்தில் தொல்லை கொடுப்பது வைரஸைவிட, அதை எதிர்த்து உடம்பு எழுப்பும் அழற்சி. அதனால்தான் 'காய்ச்சல் விட்டுவிட்டதே' என்று நிம்மதியான பிறகும் சிலருக்கு மூச்சு வாங்கத் தொடங்குகிறது. காலண்டரில் ஒவ்வொருவர் பெயருக்கும் முதல் நாளைக் குறித்து வையுங்கள். நால்வரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர் உங்கள் மாமனார்.

அம்மாவுக்கு 76 வயது. காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு வேண்டாம் என்கிறார், பகலில் தூங்குகிறார், ராத்திரி எழுந்து 'வீட்டுக்குப் போகணும்' என்கிறார். நேற்று பாத்ரூமில் தடுமாறி விழுந்துவிட்டார். வயசுக் கோளாறு என்று விட்டிருந்தோம். பக்கத்து வீட்டில் கொரோனா வந்ததால் சந்தேகப்பட்டு டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ்! இதெல்லாம் கொரோனா அறிகுறியா?
- வாசகர், திருநெல்வேலி

ஆம். வயதானவர்களிடம் இது அடிக்கடி தவறவிடப்படுகிறது. முதுமையில் காய்ச்சலை எழுப்பும் திறனே குறைந்துவிடும். மூட்டு வலிக்காகத் தினமும் பாராசிட்டமால் போடுகிறவர்களிடம் இருக்கிற காய்ச்சலும் தெரியாது. அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பும் எதிர்பார்க்கிற அளவுக்கு ஏறாது. எனவே தெர்மாமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். திடீர்க் குழப்பம், ஆள் இடம் தெரியாமல் பேசுவது, வழக்கத்துக்கு மாறான தூக்கம், காரணமில்லாமல் விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, படுக்கையில் சிறுநீர் போவது. ஒரு வாரம் முன்பு இல்லாத இவற்றில் எது வந்தாலும் அது வயசுக் கோளாறு அல்ல, உடம்புக்குள் ஏதோ நோய் இருக்கிறது என்பதற்கான அறிகுறி. கொரோனாவாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம்.

உங்கள் அம்மாவை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விழுந்ததில் தலையில் அடி பட்டதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் இது இன்னும் அவசரம். சோடியம், சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைகளும் தேவை. அதுவரை ஒரே தடவையாக டம்ளர் நிறையக் கொடுக்காமல், அரை மணிக்கு ஒருமுறை கால் டம்ளர் கஞ்சித் தண்ணீரோ மோரோ கொடுங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளி என்றால் அந்த அளவை மீற வேண்டாம். கண்ணாடி, காது மெஷின் போடுகிறவர் என்றால் அவற்றைப் போட்டுவிடுங்கள். ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். குழப்பம் குறைய இவை உதவும்.

ஒரு எச்சரிக்கை: மூக்கடைப்புக்கு என்று மருந்துக் கடையில் கொடுக்கும் கலவை மாத்திரைகளை இந்த வயதில் தவிருங்கள். அவற்றில் உள்ள குளோர்பெனிரமின் குழப்பத்தை அதிகமாக்கும். ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். பினைலெப்ரின் பிரஷரை ஏற்றும். பெரும்பாலான கலவைகளில் பாராசிட்டமாலும் இருக்கும் என்பதால், தனியாக இன்னொரு பாராசிட்டமால் போட்டால் இரட்டை அளவாகிவிடும்.

அப்பாவுக்கு 68 வயது, நெடுங்காலம் பீடி பிடித்தவர். எங்கள் ஆக்சிமீட்டரில் 91 காட்டுகிறது, பக்கத்து வீட்டுக் கருவியில் 95. எதை நம்புவது? நடக்க வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அது எப்படி?
- வாசகர், திண்டுக்கல்

முதலில் அளக்கும் முறை. மருதாணி, நகப்பூச்சு இல்லாத ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். விரலைக் கருவியின் கடைசி வரை நுழைத்து, கையை மேசைமேல் அசையாமல் வைக்க வேண்டும். போட்டவுடன் வரும் எண்ணைக் குறிக்காதீர்கள். அது தாவிக்கொண்டே இருக்கும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து, நிலையாக நிற்கும் எண்ணை எழுதுங்கள். கருவி நாடித்துடிப்பையும் காட்டும். அதை மணிக்கட்டில் நீங்கள் எண்ணிய துடிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஆக்சிஜன் எண்ணையும் நம்பக் கூடாது. கருவி சரியாக இருந்தாலும் இரண்டு, மூன்று புள்ளி முன்பின் இருக்கும். கருமையான தோலில் உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பும் உண்டு. ஆகவே இரு கருவிகள் முரண்பட்டால் குறைந்த எண்ணை உண்மை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

நாள்பட்ட புகைபிடிப்பால் நுரையீரல் பழுதானவர்களில் சிலருக்கு நல்ல நாளிலேயே 90, 92-தான் இருக்கும். உங்கள் அப்பாவின் பழைய சீட்டுகளில் ஆக்சிஜன் அளவு எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். அதில் 96 என்று இருந்து இப்போது 91 என்றால் அது ஆபத்தான இறக்கம். பழைய கணக்கே இல்லை என்றால் 91-ஐப் புதிய இறக்கமாகவே கருதி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நடக்க வைத்துப் பார்க்கும் சோதனை அவருக்கு வேண்டாம். உட்கார்ந்த நிலையிலேயே குறைந்திருப்பவரை நடக்க வைப்பது தவறு. வாடகை சிலிண்டர் வாங்கி நீங்களாக வைப்பதும் கூடாது. இத்தகைய நோயாளிகளில் சிலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன், ரத்தத்தில் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் தள்ளிவிடும். அவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான்.

நடைச் சோதனை, உட்கார்ந்திருக்கும்போது 94-க்கு மேல் இருந்து, மூச்சுத்திணறலும் இல்லாதவர்களுக்கு. விரலில் கருவியோடு, வீட்டுக்குள் சமதளத்தில் ஆறு நிமிடம் சாதாரண வேகத்தில் நடக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். மாடிப்படி கூடாது, பக்கத்தில் ஒருவர் கூடவே போக வேண்டும். தொடங்கிய அளவிலிருந்து மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், அல்லது 94-க்குக் கீழே போனால், நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மூச்சுத்திணறல் துளியும் தெரியாமலே இப்படி இறங்குகிறவர்கள் உண்டு. 2021 அலையில் பலரைத் தாமதமாக மருத்துவமனைக்குக் கொண்டுவர வைத்தது இதுதான்.

ஆக்சிஜன் இறங்கியவருக்கு ஆம்புலன்ஸை அழைத்திருந்தால், அது வரும்வரை, விழிப்போடு இருப்பவரைக் குப்புறப் படுக்க வைக்கலாம்: கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். கர்ப்பிணிகள், தீவிர இதய நோயாளிகள், முதுகெலும்பு முறிவு உள்ளவர்கள், காலில் ரத்தக்கட்டு உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது.

எனக்குச் சுகர் உண்டு. கொரோனா வந்து மூன்றாம் நாள். போன தடவை மருத்துவமனையில் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரை மிச்சம் இருக்கிறது. நுரையீரலுக்குப் பரவாமல் இருக்க இப்போதே போடலாமா?
- வாசகர், ஈரோடு

போடாதீர்கள். பிரிட்டனில் 2020-ல் நடந்த ரெக்கவரி ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களில் பலரின் உயிரை ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த இந்த மருந்து காப்பாற்றியது: தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனே இல்லை. முதல் வாரத்தில் வைரஸோடு உடம்பு மல்லுக்கட்டும்போது ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பையே தளர்த்தும், காய்ச்சலை மறைக்கும், சர்க்கரையை 300, 400 என்று ஏற்றிவிடும். 2021-ல் நம் நாட்டில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது அதிகம் சிக்கியவர்கள், கட்டுப்படாத சர்க்கரையோடு ஸ்டீராய்டும் எடுத்தவர்களே. ஒரு பக்கக் கன்னத்தில் வலியோ மரமரப்போ, கண்ணிமை வீக்கம், இரட்டையாகத் தெரிவது, மூக்கிலிருந்து கறுப்பாக வடிவது, திடீரென்று பல் ஆடுவது என்று எது தெரிந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொற்று வந்தாலே, ஸ்டீராய்டு இல்லாமலும் சர்க்கரை ஏறும். காலையில் வெறும் வயிற்றிலும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சாப்பாடு குறைந்துவிட்டது என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் என்றால், வாந்தியோ சாப்பிட முடியாமையோ வந்த அன்றே மருத்துவரை அழைத்து அதைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றிக் கேளுங்கள். சர்க்கரை இயல்பாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அபாயம் அதில் உண்டு. வாந்தி, வயிற்று வலி, ஆழமாக இழுத்து விடும் மூச்சு ஆகியவை அதன் அடையாளம். பார்க்கிறவர்கள் அதைக் கொரோனா மூச்சுத்திணறல் என்றே நினைத்துவிடுவார்கள்.

இன்று மூன்றாம் நாள் என்பதால் வேறொன்றும் கேளுங்கள். ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் பயன். நிர்மாட்ரெல்விர், ரிடோனாவிர் சேர்ந்த மாத்திரையைப் பரிந்துரைத்தால், நீங்கள் எடுக்கும் கொழுப்பு, இதய, ரத்த உறைவு மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பலவற்றோடு அது மோதும்.

மூன்று வயது மகனுக்கு 102 டிகிரி காய்ச்சல், இரண்டு தடவை வாந்தி. எடை 12 கிலோ. வீட்டில் ஆக்சிமீட்டர் இருக்கிறது, விரலில் நிற்கவே மாட்டேன் என்கிறது.
- வாசகி, மதுரை

பெரியவர்களுக்கான கருவி இந்த விரலில் சரியாகப் பிடிக்காது, அதை விட்டுவிடுங்கள். மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போது, அல்லது அழாமல் மடியில் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் குழந்தைகளிடம் கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. நிமிடத்துக்கு அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், முனகல் சத்தம் வந்தாலும், எண்ணிக் கொண்டிராமல் கிளம்புங்கள்.

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் உங்கள் மகனுக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 250 உள்ள சிரப் என்றால் 3.5 மில்லி. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 250 சிரப்பை 7.5 மில்லி கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். லேபிளைப் படித்துவிட்டு, கூடவே வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் சும்மா விட்டு, ஓஆர்எஸ் கரைசலை ஒரு டீஸ்பூன் வீதம் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். டம்ளரில் கொடுத்தால் மொத்தமும் திரும்பி வரும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனை.

குணமான பிறகு இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடியும் மூன்று நாள் காய்ச்சல் நீடித்து, அதோடு கண் சிவப்பு, உதடு சிவந்து வெடிப்பது, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், வயிற்று வலி வந்தால், முன்பு கொரோனா வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அரிதாக வரும் பல உறுப்பு அழற்சி அது, இதயத்தைத் தாக்கலாம்.

எட்டாவது மாதம். எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்கும். கொரோனா பாசிட்டிவ். எதைக் கர்ப்பம், எதைக் கொரோனா என்று பிரிப்பது?
- வாசகி, காஞ்சிபுரம்

கர்ப்பத்தின் மூச்சுவாங்கல் படியேறினால் வரும், உட்கார்ந்தால் அடங்கும், நாளுக்கு நாள் ஏறாது. உட்கார்ந்த இடத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போவதும், 24-ஐத் தாண்டும் மூச்சும் கர்ப்பத்தால் வருவதல்ல. கர்ப்பிணிகளுக்கு ஆக்சிஜன் அளவுகோல் மற்றவர்களைவிடக் கறாரானது: 95-க்குக் குறையக் கூடாது, ஏனெனில் குழந்தைக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். காய்ச்சலைப் பாராசிட்டமாலால் இறக்குங்கள், ஐபுபுரூஃபன் வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலித்தாலோ உடனே பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்குப் போங்கள். கொரோனாவும் கர்ப்பமும் சேரும்போது ரத்தம் உறையும் போக்கு கூடும். படுத்தே இருக்காமல் வீட்டுக்குள் நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

ஆர்டி-பிசிஆர் ரிப்போர்ட்டில் சிடி மதிப்பு 17 என்று இருக்கிறது. தீவிரமான கொரோனாவா?
- வாசகர், சேலம்

இல்லை. சிடி என்பது, வைரஸ் தென்படும்வரை மாதிரியை ஆய்வகத்தில் எத்தனை சுற்று பெருக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு. எண் குறைவாக இருந்தால் குச்சியில் வந்த மாதிரியில் வைரஸ் நிறைய இருந்தது என்று மட்டுமே பொருள். எடுத்த நாள், குச்சியைச் சுழற்றிய விதம், ஆய்வகக் கருவி எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். 17 உள்ளவர் நன்றாக நடமாடலாம், 30 உள்ளவர் ஆக்சிஜனில் இருக்கலாம்.

கொரோனாவா டெங்குவா என்று தெரியவில்லை. உடம்பு வலி தாங்காமல் ஊசி போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், கடலூர்

தெரியாதவரை வலி ஊசி வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவுக்கு வழி செய்யும். ஆனால் இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பாராசிட்டமால் 650 மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலுக்கு மேல் போகாமல். மூக்கொழுகல், தொண்டை வலி, இருமல் இருந்தால் கொரோனா பக்கம் சாயலாம். கண்ணுக்குப் பின்னால் வலி, முகச் சிவப்பு, தோல் தடிப்பு இருந்தால் டெங்கு பக்கம். இரண்டும் சேர்ந்தும் வரும். முதல் ஐந்து நாளுக்குள் டெங்கு என்எஸ்1 பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். கொரோனா ஆன்டிஜென் கிட் முதல் நாளில் நெகட்டிவ் காட்டினால், 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், சில்லிட்ட கை கால் தெரிந்தால் உடனே மருத்துவமனை. பிளேட்லெட் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாசனை போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போது காபி வாசம் ரப்பர் எரிகிற மாதிரி வருகிறது.
- வாசகி, கோயம்புத்தூர்

மாறிய வாசனை தொந்தரவாக இருந்தாலும், பெரும்பாலும் நரம்பு திரும்ப வளர்வதன் அடையாளம். வாசனைப் பயிற்சி செய்யுங்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் வைத்து, 20 விநாடி மெல்ல முகர்ந்தபடி அந்த வாசனையை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். காலை மாலை இரண்டு வேளையும், குறைந்தது மூன்று மாதம். தைலத்தை மூக்குக்குள் தடவக் கூடாது. கேஸ் கசிவும் கெட்டுப்போன குழம்பும் உங்களுக்குத் தெரியாது. சிலிண்டர் வால்வை ராத்திரி மூடுவதையும், சமைத்த தேதியைப் பாத்திரத்தில் ஒட்டுவதையும் வீட்டில் யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும்.

காய்ச்சல் விட்டு மூன்று வாரம், இருமல் மட்டும் நிற்கவில்லை. ஆவி பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.
- வாசகர், விழுப்புரம்

ஆவி மூக்கடைப்புக்குச் சற்று இதம் தரும், அவ்வளவுதான். வைரஸை ஒன்றும் செய்யாது. கொதிக்கும் பாத்திரத்தைப் போர்வைக்குள் வைத்துப் பிடிப்பதால் ஏற்படும் தீக்காயங்களும் உண்டு, குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலை எதன் மிச்சம் என்றும் முடிவு கட்டாமல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம். விடியற்காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுக்கும் சளி வேண்டும், எச்சில் உதவாது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் வறட்டு இருமலுக்கு அதுவும் காரணமாகலாம். மாற்றித் தரச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரி இழுப்புச் சத்தம் வந்தால் இன்ஹேலர் தேவைப்படலாம். இருமலோடு எடை குறைவது, மாலைக் காய்ச்சல், சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை காலையே போய்விடுங்கள்.